பிரமோஸ் பறந்தது, அர்ஜுன் ஏன் திணறியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரமோஸ் ஏவுகணையை உருவாக்கிய, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வால் அர்ஜுன் டாங்கியை ஏன் உரிய காலத்தில் முடிக்க முடியவில்லை? விஞ்ஞானிகளின் திறமைக்குறைவா, ராணுவத்தின் இறக்குமதி மோகமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் கொஞ்சம் உண்டு. ஆனால் தொடங்கிய இடமே வேறு. 1998-ல் பிரமோஸ் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதன் மூலமான ஓனிக்ஸ் ஏவுகணை ரஷ்யாவில் பெருமளவு தயாராக இருந்தது. ராம்ஜெட் என்ஜினும், இலக்கைத் தேடிப்பிடிக்கும் சீக்கரும் அவர்களுடையவை; வழிநடத்தும் மென்பொருளும் ஏவும் கட்டுப்பாடும் நம்முடையவை. இந்தியா 50.5, ரஷ்யா 49.5 சதவீதப் பங்கில் தனி நிறுவனம் வேறு. 2001 ஜூனில் முதல் சோதனை நடந்துவிட்டது. (அந்த நிறுவனத்தின் முதல் தலைவர் சிவதாணு பிள்ளை நாகர்கோவில்காரர் என்பது நமக்கு உபரி மகிழ்ச்சி.)

அர்ஜுனுக்கு 1974-ல் 15.5 கோடி ரூபாய் ஒதுக்கி, பத்தாண்டில் முடிப்பதாகச் சொன்னார்கள். என்ஜின், பீரங்கி, கவசம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் புதிதாகச் செய்யும் திட்டம். 1,500 குதிரைத்திறன் என்ஜினுக்கான உள்நாட்டு முயற்சி கைகூடாமல், ஜெர்மனியின் எம்.டி.யூ. என்ஜினும் ரெங்க் கியர்பாக்ஸும் வந்தன. டாங்கியில் என்ஜினை மாற்றினால் குளிர்விப்பு, கியர்பாக்ஸ், பின்பகுதி உடல் எல்லாம் மாறும்.

இதற்கிடையே ராணுவத்தின் தேவைப் பட்டியலும் மாறியது. 40 டன், 105 மி.மீ. பீரங்கி என்று தொடங்கியது 120 மி.மீ. பீரங்கியோடு 58.5 டன்னில் வந்து நின்றது. நம் பாலங்களும் ரயில் வேகன்களும் 41 டன் எடையுள்ள டி-72 என்ற ரஷ்ய டாங்கியை மனதில் வைத்து அமைந்தவை. எடை கூடியதும் பழைய வசதி பலவும் போதவில்லை.

என் பார்வையில் பெரிய அடி ஆர்டரில்தான் விழுந்தது. 2000-ல் அர்ஜுனுக்கு 124. மறு ஆண்டே ரஷ்யாவின் டி-90 டாங்கிக்கு 310. நூற்றுச்சொச்சம் வண்டிக்காக உள்ளூர் உதிரிபாகக்காரர் யாரும் முதலீடு செய்யமாட்டார். இறக்குமதிப் பாகங்களே நீடிக்கும். ஒன்று பழுதானால் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். பழி வடிவமைப்பின் மேல் விழும். 2010 ஒப்பீட்டுச் சோதனையில் அர்ஜுன் டி-90-க்கு ஈடுகொடுத்தது. ஆனால் அதற்குள் ஆவடியிலேயே டி-90 தயாரிப்பு தொடங்கியிருந்தது. அர்ஜுனுக்கு இன்னொரு 124-க்கு ஒப்புதல் மட்டும் கிடைத்தது; 2021-ல் ஆர்டராக வந்தது 118.

இலகு டாங்கியான ஸொராவரில் சில பாடங்கள் தெரிகின்றன: 25 டன் வரம்பு, பெல்ஜியத்தின் டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி), சந்தையில் உள்ள கம்மின்ஸ் என்ஜின். ஆனால் ஆர்டர் கதை மாறவில்லை: மொத்தத் தேவை 354, டி.ஆர்.டி.ஓ.வுக்கு முதலில் ஒதுக்கியது 59. இதை நம்பி எந்தப் பட்டறை புது மெஷின் வாங்கும்?