தப்பாக எழுதும் ரோபோ

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். வாய்விட்டுக் கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்து கோணிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போகிறது. பரிசோதித்ததில் டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு என்றார்கள். நோட்டை எடுத்தாலே அழுகிறான். இங்கே ஒரு மையத்தில் ரோபோ வைத்துப் பயிற்சி தருகிறார்களாம். கட்டணம் அதிகம். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும், சகோதரி. அந்த மையத்தில் முதலில் ஒன்று கேளுங்கள்: ரோபோ என் பையனுக்குச் சொல்லித்தருமா, என் பையன் ரோபோவுக்குச் சொல்லித்தருவானா?

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் ‘கோரைட்டர்’ என்ற ஆய்வு நடந்தது. அதில் வரும் நாவ் என்ற ரோபோ 58 செ.மீ. உயரம்தான். அதற்கு எழுத வராது, கிறுக்கும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். குழந்தை டேப்லெட்டில் அதே எழுத்தை எழுதிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து ரோபோ அடுத்த முறை கொஞ்சம் திருத்தமாக எழுதும். மறுபடி குழந்தை, மறுபடி ரோபோ. பயிற்சி முழுக்கக் குழந்தையின் கைக்குத்தான், ஆனால் அதன் நினைப்பெல்லாம் ரோபோவைத் தேற்றிவிடுவதில் இருக்கும். வகுப்பில் கடைசியில் நிற்கும் பிள்ளை இங்கே டீச்சர்! இதைப் படித்தபோது என் மனம் நிறைந்துவிட்டது.

2018இல் வெளிவந்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வில், ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீட்டில் ஒரு மாதம் ரோபோவை வைத்தார்கள். தினமும் அரை மணி நேரம். பெரியவர்களோடு கவனத்தைப் பகிர்ந்துகொள்வதில் முன்னேற்றம் தெரிந்தது. உங்கள் மகனுடையது வேறு பிரச்சினை. ஆனால் அங்கே பெற்றோரும் கூடவே உட்கார்ந்து விளையாடினார்கள். உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பையனை மட்டும் ரோபோவிடம் விடுகிற இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், நல்ல சிறப்பாசிரியரையோ, எழுதுவது போன்ற அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையோ பார்க்கலாம். டிஸ்கிராஃபியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் வாங்கிவையுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க அது வேண்டும்.

அப்புறம், இன்று மாலையே ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத கையால் ‘ழ’ எழுதுங்கள். நடிக்கவே வேண்டாம், கோணலாகத்தான் வரும். “எனக்கு வரலடா, எப்படின்னு காட்டு” என்று அவனிடம் நோட்டைக் கொடுங்கள். அவன் காட்டியபடி நீங்கள் திருத்தி எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். முகம் வாடினால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.