ஜாஸ் குழுவில் வாசிக்க விரும்பும் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மையீர்,

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருக்கும் தங்கள் மகன், பல நாட்டு இசைகளை இணைக்கும் ஜாஸ் குழுவில் வாசிப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகவும், அதற்காக மிருதங்க வகுப்பை நிறுத்திவிட்டு ட்ரம்ஸுக்கு மாறப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய விருப்பத்தைத் தாங்கள் எதிர்க்க வேண்டியதில்லை. மிருதங்கத்தை விடுவதை மட்டும் அவசியம் தடுக்க வேண்டும்.

அவர் முன்மாதிரியாகக் கருதும், இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த ‘சக்தி’ குழுவையே பார்ப்போம். 1970-களின் நடுவில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுடன் வயலின் கலைஞர் எல். சங்கரும் தபலா கலைஞர் ஜாகிர் உசேனும் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராமும் சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தத்தம் மரபில் முழுமையாகத் தேறியவர்களாக இருந்தார்கள். ஜாஸ் உலகில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். சுரங்களை அசைத்து இசைக்கும் கமகங்களைக் கிதாரில் இழுத்து வாசிப்பதற்காக, ஃப்ரெட்டுகள் எனும் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைந்து, மற்றத் தந்திகளின் ஒலிக்குத் தாமே அதிரும் அனுநாதத் தந்திகளும் பொருத்திய தனிக் கிதார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். விநாயக்ராமோ கடத்தை விட்டு வேறொன்றுக்கு மாறவே இல்லை. 2024-இல் அதே குழுவின் ஆல்பம் கிராமி விருது பெற்றபோது, அதில் கஞ்சிரா உள்ளிட்ட தாளக் கருவிகளை வாசித்தவர் அவருடைய மகன் செல்வகணேஷ். நல்ல ட்ரம்ஸ் கலைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இத்தகைய குழுக்கள் தேடுவது கோர்வை, மோரா போன்ற கர்நாடகத் தாள முடிப்புகள் சரளமாகக் கைவரும் ஒருவரைத்தான்.

ஆகவே குருவிடம் பாடம் தொடரட்டும். அதனுடன், தாளத்தைச் சீராக ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியை நான்கு அட்சரத்தில் (எண்ணிக்கையில்) ஓடவிட்டு, அதற்கு மேல் ஐந்தும் ஏழுமாகச் சொற்கட்டுகளை, அதாவது ‘தகதிமி’ போன்ற தாளச் சொற்களை, சொல்லிப் பழகுவதும், மேற்கத்திய இசைக் குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிப்பதும், பல சுரங்களை ஒருங்கே இசைக்கும் ஹார்மனியின் அடிப்படையைக் கீபோர்டில் அறிவதும் அவருக்குத் தேவை. மேற்கத்திய இசையை முறையாகக் கற்பிக்கும் கே.எம். இசைக் கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர, வாசித்துக் காட்டும் தேர்வும் நேர்காணலும் உண்டு. அங்கே செலவு மிக அதிகம் என்பதால், போதிய உதவித்தொகை உறுதியாகாமல் கடன் வாங்கி அனுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வருமானம் குறித்த தங்கள் அச்சம் நியாயமானது. மேடைக் கச்சேரி மட்டுமே மாதந்தோறும் குடும்பத்தைத் தாங்குவது அரிது. பெரும்பாலான கலைஞர்கள் கற்பித்தல், ஸ்டுடியோ ஒலிப்பதிவு, திரைப்படப் பின்னணி இசை ஆகியவற்றையும் சேர்த்தே வாழ்கிறார்கள். எனவே அவர் ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். பயிற்சி நேரத்தை விழுங்காத பாடமாக அது இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறியியல் முடித்த பிறகே பெர்க்லி சென்று ஜாஸ் பயின்ற கிதார் கலைஞர் பிரசன்னாவைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

பொதுத்தேர்வு முடிந்ததும், ஒரு பியானோ அல்லது கிதார் மாணவருடன் ஒத்திகை செய்து, பத்து நிமிட வாசிப்பைப் பதிவுசெய்து, அதை அவருடைய குருவிடமும் ஒரு ஜாஸ் ஆசிரியரிடமும் காட்டி, இருவர் கருத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு என்னைச் சந்திக்க வாருங்கள். விண்ணப்பங்களை அப்போது முடிவு செய்வோம்.