ஓமியோபதிப் புட்டியில் உள்ள எண் என்ன சொல்கிறது?

கேள்வி: சாரல் தொடங்கினாலே என் எட்டு வயது மகனுக்கு இளைப்பு வந்துவிடுகிறது. குழந்தை மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். என் மாமியாரோ, மூட்டுவலிக்குத் தாம் சாப்பிடும் ஓமியோபதிதான் நோயை வேரோடு அறுக்கும் என்கிறார். புட்டிகளில் 30, 200 என்று இருப்பது என்ன? இன்ஹேலரை நிறுத்தலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், சகோதரி. காரணத்தை அந்த எண்களிலிருந்தே சொல்கிறேன்.

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன், 1790இல் மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்டு வந்த சின்கோனா பட்டையைத் தாமே உட்கொண்டபோது அந்தக் காய்ச்சலைப் போன்ற குறிகள் தமக்குத் தோன்றியதாக எழுதினார். நலமாக உள்ளவரிடம் எந்தக் குறிகளை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே குறிகளுள்ள நோயை அப்பொருளே போக்கும் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. வெங்காயம் நறுக்கும்போது கண்ணும் மூக்கும் ஒழுகுவதால், ஒழுகும் சளிக்கு வெங்காயத்திலிருந்து மருந்து செய்வது இந்தக் கணக்கில்தான்.

மூலச்சாற்றில் ஒரு பங்கை 99 பங்கு சாராயத்திலோ நீரிலோ கலந்து குலுக்குவது முதல் படி. அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலந்தால், மூலப்பொருள் பத்தாயிரத்தில் ஒன்றாகிறது. 30 என்பது இவ்வாறு முப்பது முறை. 200 என்பது இருநூறு முறை. எண் கூடக் கூட வீரியம் கூடும் என்பது ஓமியோபதியின் கொள்கை. ஆனால் பன்னிரண்டாம் படியைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சும் வாய்ப்பு அரிது என்பதை வேதியியல் படித்த எவரும் கணக்கிட்டுவிடலாம். (மதர் டிஞ்சர் எனப்படும் மூலச்சாறு அப்படியன்று, அதில் பொருள் உண்டு, ஆகவே பக்கவிளைவும் வரலாம்.)

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. உங்கள் ஊரிலேயே இதற்கான கல்லூரி இயங்குகிறது. சட்ட ஏற்பு வேறு, நோய் தீரும் என்ற சான்று வேறு. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் குழு 2015இல் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பயனளிப்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று முடிவு சொன்னது. மூட்டுவலி கூடுவதும் குறைவதுமாக இருக்கும் இயல்புடையது. ஓமியோபதி மருத்துவர் பொறுமையாக அமர்ந்து உறக்கம், உணவு, மனக்கவலை எல்லாம் கேட்பதும் ஆறுதல் தருவதே. மாமியாருக்குக் கிடைத்த நிம்மதியை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் இளைப்பு காத்திருக்காது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அது மிகச் சிறிய அளவு மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்ப்பது. அதைப் போட்ட பின்பும் மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளின் இடைவெளி உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் பையன் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே 108ஐ அழைத்து, ஆக்சிஜன் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.