ராணுவ ஹெலிகாப்டர் டெக்னீஷியன் வேலை: மகனை அனுப்பலாமா?

வாசகர் கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து முடித்திருக்கிறான். ராணுவத்தில் ஹெலிகாப்டர் டெக்னீஷியன் ஆக ஆசைப்படுகிறான். 'ஏவியேஷன் டிரேடு உறுதி' என்று ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்கிறது. அந்த வேலை எப்படி இருக்கும்? நான்கு வருஷம் கழித்து வெளியே வந்தால் பிழைக்க வழி உண்டா? – ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த டிரேடு (தொழில் பிரிவு) என்பதை ஆள் தேர்வான பிறகு ராணுவமே ஒதுக்குகிறது. அதை வெளியிலிருந்து யாரும் வாங்கித் தர முடியாது. உங்கள் மகன், நான்கு வருஷப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் திட்டத்தின் டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் இந்த மூன்று பாடங்களோடு ஆங்கிலமும் இருந்து, மொத்தத்தில் 50 சதவீதமும் பாடத்துக்கு 40 சதவீதமும் வேண்டும். ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், உடல் தகுதித் தேர்வு பிறகு. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் 'பீம்' 10 எடுத்தால் 40 மதிப்பெண்.

ஒதுக்கீட்டில் 'இ.எம்.இ.' (ராணுவத்தின் இயந்திர, மின்னணுப் பழுதுபார்ப்புப் பிரிவு) என்று வந்தால் மகன் மனம் தளர வேண்டாம். ராணுவத்தின் சொந்த ஹெலிகாப்டர் பிரிவான ஆர்மி ஏவியேஷன் கோர் 1986 நவம்பர் 1 அன்று உருவானது. ஓட்டுவது அவர்கள் பொறுப்பு; சீட்டா, சேத்தக், துருவ் ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்ப்பது இ.எம்.இ. டெக்னீஷியன்களின் வேலை. ஆனால் இ.எம்.இ.யில் சேருகிற எல்லோருக்கும் ஹெலிகாப்டர் கிடைக்காது. டாங்கியோ ரேடாரோ லாரியோ வந்தாலும் மனமொப்பிச் செய்வானா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, கைத்திறனைவிட ஒழுங்குதான் இங்கே ஆளைக் காப்பாற்றும். ஒரு நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கை சொல்லக் கூடாது, மேனுவல் சொல்ல வேண்டும். மேனுவலில் உலர்ந்த மரைக்கான டார்க் (முறுக்கி இறுக்கும் விசை) அளவு இருக்கும்போது மரையில் எண்ணெய் தடவினால், உராய்வு குறைந்து, அதே அளவிலேயே போல்ட் கூடுதலாக இழுபடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், பறக்கும்போதுதான் முறியும். அந்த அளவு வைத்து இறுக்கும் டார்க் ரென்ச் ஒருமுறை 'கிளிக்' என்றதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு தடவை இழுப்பது தவறு. கீழே விழுந்த ரென்ச்சை மறுபடி அளவு சரிபார்க்காமல் தொடக் கூடாது. பூட்டு ஊசி செருகப் பள்ளங்கள் வெட்டிய காசில் நட்டின் பள்ளம் போல்ட்டின் துளையோடு சேரவில்லையென்றால் நட்டைத் தளர்த்திச் சேர்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. மேனுவல் தரும் அதிகபட்ச அளவுக்குள் இறுக்கிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வாஷரை மாற்ற வேண்டும். நட்டு தானாகக் கழலாமல் கட்டும் லாக்கிங் வயர், நட்டை இறுகும் பக்கமாகவே இழுத்துப் பிடிக்க வேண்டும். கழற்றிய வயரைத் திரும்பப் போடக் கூடாது. பிளையர் பதிந்து கீறல் விழுந்த வயரும் குப்பைக்குத்தான்.

எஞ்சின், கியர்பாக்ஸ் எண்ணெயில் காந்த பிளக் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளின் அளவும் வடிவமும் உள்ளே பேரிங் தேய்கிறதா, கியர் பல் உடைகிறதா என்று முன்கூட்டியே காட்டும். பாலைவனத்தில் மணல் கம்பிரஸர் பிளேடுகளை அரிக்கும். லடாக் குளிரில் ரப்பர் சீல் இறுகி எண்ணெய் கசியும், பேட்டரி பலம் இழக்கும். கட்டுப்பாட்டுத் தண்டுகளைக் கழற்றி மாட்டினால், மாட்டியவரைத் தவிர இன்னொருவரும் தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தார்கள். அதன்பின் முப்படைகளின் துருவ்களும் பறக்காமல் நிறுத்தப்பட்டன; ரோட்டரைக் கட்டுப்படுத்தும் ஸ்வாஷ்பிளேட் முறிந்திருந்தது பின்னர் விசாரணையில் தெரிந்தது.

வேலை முடிந்து எண்ணும்போது ஒரு ஸ்பானர் குறைந்தால், அது கிடைக்கும்வரை அந்த ஹெலிகாப்டர் பறக்காது. 'என் ஸ்பானரைக் காணவில்லை' என்று மேலதிகாரியிடம் அந்த நிமிஷமே சொல்லும் துணிச்சல் உங்கள் மகனுக்கு இருக்கிறதா? இந்தத் தொழிலுக்கு நான் முதலில் பார்க்கும் தகுதி அதுதான்.

அக்னிவீருக்கு முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். கையில் 21,000, மீதி 9,000, பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்கு. நான்காம் வருஷம் 40,000. பயிற்சிக் காலமும் அந்த நான்கு வருஷத்துக்குள்தான் அடங்கும். அதன்பின் நிரந்தரமாவோர் 25 சதவீதம் வரைதான், ஆகவே வெளியே வருவதையும் கணக்கில் வையுங்கள்.

ராணுவ அனுபவம் மட்டும் சிவில் லைசென்ஸ் ஆகாது. இதைப் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். டர்பைன் ஹெலிகாப்டரைப் பராமரிக்க, சிவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.யின் பி1.3 லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பாடவாரியாகத் தேர்வுகள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. அங்கீகரித்த படிப்போ தொழிற்பயிற்சியோ இல்லாதவருக்கு 5 வருஷப் பராமரிப்பு அனுபவம் தேவை. ராணுவ அனுபவத்தோடு சிவில் விமானத்தில் செய்த வேலையும் கேட்கப்படும். பணியில் இருக்கும்போதே பராமரிப்பு முறைகள், மனிதக் காரணிகள், ஹெலிகாப்டர் அமைப்பு, டர்பைன் எஞ்சின் பாடங்களைப் படிக்க ஆரம்பிக்கட்டும். எந்த ஹெலிகாப்டரில், எந்தத் தேதியில், என்ன வேலை என்ற அனுபவச் சான்றிதழை யூனிட் வழியாக முறைப்படி வாங்கட்டும். ஆவணங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டு வருவது பாதுகாப்பு விதிமீறல்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கண் மருத்துவரிடம் நிறப் பார்வையைச் சோதித்துவிடுங்கள். அதில் குறை இருந்தால் இந்த வேலை கிடைக்காமல் போகலாம். கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.