வராத நட்டஈட்டுக்கு மாதம் 15,000 வட்டி

கேள்வி: எனக்கு 71 வயது, சாவகச்சேரியில் தனியாக இருக்கிறேன். போன வருடம் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சங்கிலியை அறுத்தபோது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது ஊன்றுகோலோடுதான் நடை. ஒருவன் பிடிபட்டான், வழக்கு நடக்கிறது. நட்டஈடு வரும் என்று தங்கச்சியின் மகன் சொன்னதால், அவனுக்காக மாதம் நூற்றுக்கு 5 வட்டியில் 3 இலட்சம் வாங்கிக் கொடுத்தேன். இப்போது போனில் முதலீடு செய்ய இன்னும் 2 இலட்சம் கேட்கிறான். கணவரின் ஓய்வூதியமாக 28,000 வருகிறது. நட்டஈடு எப்போது கிடைக்கும்?

பதில்: அம்மா, நீங்கள் நட்டஈட்டைக் கேட்டிருக்கிறீர்கள். என் மனம் அந்த 3 இலட்சத்தில்தான் நிற்கிறது.

நூற்றுக்கு 5 என்றால் மாதம் 15,000. ஓய்வூதியத்தில் மிச்சம் 13,000. மருந்து, சாப்பாடு, கரண்ட் பில் எல்லாம் அதற்குள். இப்படியே 20 மாதம் கட்டினால் 3 இலட்சம் வட்டியாகவே போய்விடும், முதல் அப்படியே நிற்கும். வழக்கு அதற்குள் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குற்றவாளி என்று தீர்ப்பானால், அவன் உங்களுக்கு நட்டஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் சங்கிலி அறுத்தவனின் கையில் என்ன இருக்கப்போகிறது? இன்னொரு வழியும் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான சட்டம் 2015இல் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு தேசிய அதிகாரசபையும் ஒரு நிதியமும் இருக்கின்றன. அங்கே கட்டாயம் விண்ணப்பியுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிளினிக் கொப்பி, மருந்துப் பற்றுச்சீட்டு, ஓட்டோவுக்குக் கொடுத்த கணக்கு எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு அவர்கள் உதவுவார்கள். "நான் கெதியாக எடுத்துத் தாறன்" என்று கொமிஷன் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பியுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி ஒரு சதமும் கடன் வாங்காதீர்கள்.

கையில் காப்பு ஏதும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் வங்கியில் அடைவு வைத்து இந்தக் கடனை முடியுங்கள். வங்கி வட்டியை ஆண்டுக்கு 20 வீதம் என்று கூட்டிப் போட்டாலும் வருடத்துக்கு 60,000தான். இப்போது கட்டுவது 1,80,000. விற்க மனம் வந்தால் இன்னும் நல்லது, இன்றைய பவுண் விலையில் 2 பவுணே 3 இலட்சத்தைத் தாண்டும். கழுத்தில் இருந்ததைப் பறிகொடுத்தவருக்குக் கையில் இருப்பதைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அதனால்தான் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

போன் முதலீட்டுக்கு 2 இலட்சம் வேண்டாம். ஆள் சேர்த்தால் காசு தரும் பிரமிட் திட்டங்களுக்கு இங்கே சட்டப்படி தடை. அப்படி இல்லை என்று தங்கச்சியின் மகன் சொன்னாலும், எந்த நிறுவனம், மத்திய வங்கியின் அனுமதி எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்கிய 3 இலட்சத்துக்கு அவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள், தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும். மாதம் 10,000 தந்தாலும் இரண்டரை வருடத்தில் முதல் திரும்பி வரும். நட்டஈடு வரும் நாளில் அது உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் விழ வேண்டும். ஏ.ரி.எம். காட்டை அவரிடம் கொடுத்து வைத்திருந்தால், இந்தக் கிழமையே திரும்ப வாங்கி விடுங்கள்.