வாட்ஸ்அப் குழுவில் படிக்க முடியுமா?

கேள்வி: காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல் இருந்தும், பழைய வினாத்தாள்கள் வருகின்றனவே தவிர, பாடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இணையவழியில் சேர்ந்து படிப்பது எங்களுக்குச் சாத்தியமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: சாத்தியம்தான் சகோதரி, ஆனால் அந்தப் பெரிய குழுவில் அல்ல. நூறு பேர் கூடிய இடத்தில் வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்றே ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். குடியாத்தமோ வாணியம்பாடியோ ஆரணியோ, உங்களோடு அதே தாளை எழுதவிருக்கும் நான்கைந்து பேரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் அரான்சன் என்ற சமூக உளவியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்துவிட, அதைப் படித்தவரே மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருந்ததால் எவரும் ஒதுங்கி நிற்க முடியவில்லை. வகுப்பறைக்கென்று உருவானதாயினும் இது உங்களுக்கும் பொருந்தும். ஷிப்ட் மாறி மாறி வரும் உங்களால் ஒரே நேரத்தில் கூட இயலாது என்பதால், வாரத்துக்கு ஒருவர் ஓர் அலகைப் படித்துப் பத்து நிமிடக் குரல்பதிவாக அனுப்புவது என்றும், கேட்டவர்கள் இரண்டு நாளுக்குள் ஆளுக்கொரு கேள்வியாவது கேட்பது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்விதான் இதில் முக்கியம். விலை மாறும்போது ஒரு பொருளின் தேவை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் தேவை நெகிழ்ச்சியின் வரையறையைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்து அனுப்பினால் யாருக்கும் பயனில்லை. அரிசி விலை ஏறினாலும் வீட்டில் உலை வைப்பது நிற்பதில்லை, லுங்கி விலை ஏறினால் மட்டும் புதிது வாங்குவதை ஏன் தள்ளிப்போடுகிறோம் என்று குடியாத்தத்துத் தோழி தம் சொற்களில் விளக்க, ‘அப்படியானால் ஒரே ஒரு ரக அரிசியின் விலை மட்டும் ஏறினால்?’ என்று நீங்கள் கேட்டால், அவர் மாற்றுப் பொருள்களைப் பற்றி மறுபடி யோசித்தே தீர வேண்டும். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் பாடம் பிடிபடுவது அப்போதுதான்.

அசைன்மென்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கலந்து பேசலாம். எழுதுவதை அவரவர் தனியே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது சேர்ந்து படிப்பதாகாது, தேர்வறையில் அது கைகொடுக்கவும் செய்யாது.

யாராவது இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் குழுவில் கேட்டுச் சங்கடப்படுத்தாமல் தொலைபேசியில் விசாரியுங்கள். பெரும்பாலும் வேலைப்பளுவோ வீட்டுப் பொறுப்போதான் காரணமாக இருக்கும். உங்களுக்குள் தீராத ஐயங்களைப் பொதுவான ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதிவைத்து, அடுத்த நேர்முக வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்.