பழைய டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறேன், அடிக்கடி என்னென்ன வேலை வைக்கும்?

முதலில் அடி வாங்குவது பின்பக்க ஸ்பிரிங் பட்டைதான். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றினால் அது என்ன செய்யும்? வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்திப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கும், இல்லை உடைந்திருக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் பின் ஆக்சிலே இடம் நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். உடைந்த பட்டைக்கு வெல்டு மட்டும் வைக்காதீர்கள். சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

கிளம்பும்போது அடியில் 'டக்' என்று கேட்டால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை, அதாவது அதன் மூட்டைச் சந்தேகப்படுங்கள். வண்டி உருளாமல் கட்டை வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் திருகினால் ஆட்டம் தெரியும். கிரீஸ் அடிக்காமல் நான் ஓட்டிய வண்டியில், கழற்றியபோது உள்ளே இருந்த ஊசி பேரிங் செங்கல் பொடியாகக் கொட்டியது. சின்னச் சாமான்தான், ஆனால் ஓடும்போது அறுந்தால் ஷாஃப்ட் ரோட்டில் கிடக்கும்.

மேட்டில் இன்ஜின் உறுமியும் வேகம் ஏறவில்லையா? கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம்.

அப்புறம், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டியா? புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருந்தால், ஊருக்குள்ளேயே சுற்றும்போது கரி அடைத்து டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். உடனே பைபாஸில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பல சமயம் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். விளக்கை அலட்சியப்படுத்தினால்தான் செலவு பெரிதாகும்.